வீட்டில் மாத்திரைப் பொறுப்பு யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் இந்தப் பக்கத்தில் அடங்காது. பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. மின்னஞ்சல்கள் வந்த நேரத்தைப் பார்த்தால், வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. பெயர்களை எடுத்துவிட்டேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் மாற்றிவிட்டேன். எந்த மாத்திரை நல்லது, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது உங்கள் டாக்டரின் வேலை. நான் மனநல வார்டில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நோயாளியோடு கூட வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.

என் மகனுக்கு 26 வயது. என்ஜினியரிங் கடைசி வருஷத்தில் காலேஜ் போவதை நிறுத்தினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈ.பி. மீட்டர் பெட்டியில் கேமரா வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி ஜன்னல் முழுக்க நியூஸ்பேப்பர் ஒட்டிவிட்டான். யாரோ திட்டுவது காதில் கேட்கிறதாம். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கொஞ்ச நாளில் துப்ப ஆரம்பித்தான். குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கினோம். இப்போது அவனுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடி செய்து சாம்பாரில் கலக்கிறேன், கொஞ்சம் அமைதியாக இருக்கிறான். என் கணவர், “சோம்பேறிப் பயல், நீதான் செல்லம் கொடுத்துக் கெடுத்தே” என்கிறார். நான் செய்வது பாவமா?
– ஓர் அம்மா, பெரம்பூர்

பாவம் இல்லை அம்மா. சாம்பார், மோர், காபி, தோசை மாவு என்று எதில் கலக்காத வீடு இருக்கிறது? ஆனால் இதைத் தொடர முடியாது. அவன் பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? கை நடுங்கினாலோ கழுத்து இறுக்கிப் பிடித்தாலோ அது மாத்திரையால் என்று அவனுக்குத் தெரியாது, அதையும் பக்கத்து வீட்டுக்காரன் செய்த வேலை என்றுதான் நினைப்பான். அதைவிடப் பெரிய ஆபத்து, அவன் கண்டுபிடிக்கிற நாள். எல்லோரும் தனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்று நம்புகிற பையனுக்கு, அம்மா கையால் போட்ட சோற்றிலேயே அத்தாட்சி கிடைத்துவிடும். அப்புறம் மாத்திரையும் போகும், சோறும் போகும், உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கையும் போகும்.

அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், மருந்து திடீரென்று நின்றால் நோய் மறுபடி ஏறும். முதலில் நீங்கள் மட்டும் டாக்டரிடம் போய், சாம்பார் விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் திட்ட மாட்டார், இந்தக் கதையை அவர் தினமும் கேட்கிறவர். பையன் ஏன் துப்பினான் என்பதையும் பேசுங்கள். ‘எனக்கு நோயே இல்லை’ என்பது ஒரு காரணம், அந்த உணர்வே இல்லாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி, திமிர் இல்லை. ஆனால் பல பேர் மாத்திரையை விடுவதற்குப் பக்கவிளைவுதான் காரணம்: நாள் முழுக்கத் தூக்கம், உடம்பு கட்டை போல் இறுகுவது, எடை ஏறுவது, ஆண்களுக்கு வெளியே சொல்ல முடியாத சில தொந்தரவுகள். மருந்தை மாற்றினாலே பாதிச் சண்டை தீர்கிற வீடுகள் உண்டு. அதோடு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு ஒரு முறையோ போடுகிற ஊசிகள் இருக்கின்றன. தினமும் காலையும் ராத்திரியும் நடக்கிற போராட்டம் மாதத்தில் ஒரு நாளாகக் குறையும். அதற்கும் அவன் சம்மதம் வேண்டும்தான், ஆனால் மாதம் ஒரு தடவை சம்மதம் வாங்குவது தினம் இரண்டு தடவை வாங்குவதைவிடச் சுலபம்.

அவனை எப்படி அழைத்துப் போவது? கேமரா இல்லை என்று நிரூபிக்கப் போகாதீர்கள். மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டினால் ‘நேற்றே எடுத்துவிட்டார்கள்’ என்பான். ஆமாம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டாம். “உனக்குக் கேட்குதுன்னு புரியுது, பயமாத்தான் இருக்கும், எனக்குக் கேக்கல, ஆனா நீ தூங்கி எத்தனை நாளாச்சு” என்று பேச்சைத் தூக்கத்தின் பக்கம் கொண்டுவாருங்கள். நோய் இருப்பதை ஒப்புக்கொள்ளாதவர்கள்கூடத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள், அதைச் சொல்லியே ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிற நிலை வந்தால் அவன் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, குடும்பத்தில் ஒருவர் அவனுடைய பிரதிநிதியாக எழுதிக் கொடுத்து, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொண்டால், 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை தரலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்குப் போவதை யாராவது பார்த்துவிடுவார்களே என்று பயந்து வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, ராயப்பேட்டை அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்றவர்களோடு அதே ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குணசீலம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோயிலுக்குப் போகும்போது மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்தான் வருத்தம். தர்காவுக்குப் பெயர்போன ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் செத்துப்போனார்கள். இன்றைக்கு அதே ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு அரசு மருத்துவர்களின் மருந்தும் சேர்ந்து நடக்கிறது. சாமியும் மாத்திரையும் சண்டை போட்டுக்கொள்வதில்லை, சொந்தக்காரர்கள்தான் சண்டை மூட்டிவிடுகிறார்கள்.

இனி உங்கள் கணவர். ஐயா, நீங்கள் இதைப் படிப்பீர்களோ மாட்டீர்களோ, உங்கள் மனைவி மடித்துத் தலைமாட்டில் வைப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். குளிக்காமல், பேசாமல், படுத்தே கிடப்பதுதான் இந்த நோயின் மெதுவான, நீளமான பாதி. குரல் கேட்பது மருந்தில் சீக்கிரம் குறையும், இந்தப் பாதி லேசில் போகாது. 1950-களிலும் 60-களிலும் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினவர்களைத் தொடர்ந்து கவனித்தார். ஓயாமல் குறை சொல்கிற, வெறுப்பைக் காட்டுகிற வீட்டுக்கும், உள்ளங்கையில் வைத்துத் தாங்கி மூச்சுவிட இடம் தராத வீட்டுக்கும் திரும்பினவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. பிற்பாடு அதே முறையில் சண்டிகரில் ஆய்வு செய்தபோது, அப்படிப்பட்ட வீடுகள் நம் நாட்டில் குறைவு என்று தெரிந்தது. அந்த நல்ல பெயரைக் காப்பாற்றுங்கள். திட்டினதால் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை, அப்பா அம்மா வளர்ப்பால் மனச்சிதைவு வருவதில்லை. வந்த பிறகு திட்டினால் குணமானது நிலைக்காது, அவ்வளவுதான். அடுத்த முறை ஓ.பி.க்கு நீங்கள் கூட்டிப்போங்கள். மாத்திரை வாங்குவது, டாக்டரிடம் பேசுவது இரண்டும் இந்த மாதத்திலிருந்து உங்கள் கணக்கில். அந்த அம்மா ஒரு ராத்திரியாவது காவலுக்காகக் கதவை ஒட்டிப் பாய் போடாமல் கட்டிலில் படுக்கட்டும்.

அண்ணனுக்கு 33 வயது, எட்டு வருஷமாக மனச்சிதைவுக்கு மருந்து எடுக்கிறார், இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போகிறார். “ஒரு கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்” என்று அம்மா, வந்தவாசிப் பக்கம் அப்பா இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார். அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னால் குடும்பத்துக்குத் துரோகியாவேன். என் கல்யாணப் பேச்சும் நடக்கிறது, அண்ணன் விஷயம் தெரிந்தால் எனக்கும் நின்றுவிடும் என்கிறார் அம்மா. என் பிள்ளைகளுக்கும் வருமா?
– ஒரு தங்கை, கொளத்தூர்

சொல்லிவிடும்மா. அப்பா இல்லாத பெண்ணாகத் தேடிப் பிடித்திருப்பதே, கேள்வி கேட்க ஆள் இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே? உங்கள் அம்மாவுக்கு அந்தப் பெண் மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. தனக்குப் பிறகு மகனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், சம்பளம் இல்லாமல், ஆயுசுக்கும். அதற்கு மருமகள் என்று பெயர் வைக்கிறார்.

இப்படி மறைத்துச் செய்கிற கல்யாணங்கள் போகிற பாதை எனக்கு மனப்பாடம். முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் பையன் நாலு நாள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான். புதுப் பெண்டாட்டி பார்த்துவிடப் போகிறாள் என்று மாத்திரை டப்பா பீரோவுக்குள் போகும், அப்புறம் நின்றே போகும். சில மாதத்தில் நோய் திரும்பும், “நீ வந்த நேரம்” என்று அந்தப் பெண் மேல் பழி விழும். சட்டமும் உங்கள் பக்கம் இருக்காது. இந்து திருமணச் சட்டப்படி, முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கின கல்யாணத்தை, விஷயம் தெரிந்த ஒரு வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வழக்கில் உங்கள் அண்ணனின் ஒவ்வொரு மருந்துச் சீட்டும் வெளியே படிக்கப்படும்.

அதே சமயம் அண்ணனுக்குக் கல்யாணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறார், மருந்து எடுக்கிறார், தன் நோய் என்னவென்று தெரிந்திருக்கிறார். தெரிந்து சம்மதிக்கிற பெண் கிடைத்தால் நன்றாக வாழலாம், வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். நோயின் பெயரை மட்டும் வைத்து விவாகரத்து கொடுக்க முடியாது, எந்த அளவுக்கு இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 1988-இல் சொல்லியிருக்கிறது. முதலில் அண்ணனைக் கேட்டீர்களா? அவருக்குக் கல்யாணத்தில் விருப்பம் இருக்கிறதா, மறைப்பதில் சம்மதமா? உங்கள் கடிதத்தில் அவர் வாய் திறக்கவே இல்லை. அவரே அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் முறை. அவர் மாட்டேன் என்றால் நீங்கள் சொல்லுங்கள், துரோகி பட்டம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைகள் பற்றி: மனச்சிதைவு வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு. தாய்மாமனுக்கு இருந்தால் மூன்று, நான்கு பேருக்கு என்று கணக்கு. நூற்றில் தொண்ணூற்றாறு பேருக்கு வராது. உங்களைப் பார்க்க வருகிற வீட்டாரிடம் முதல் நாளே பஜ்ஜி சொஜ்ஜியோடு இதைப் பரிமாற வேண்டாம். நிச்சயத்துக்கு முன்னால் பையனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு ஓடுகிறவன் கல்யாணத்துக்கு அப்புறம் ஓடாமல் இப்போதே ஓடினால் உங்களுக்கு மண்டபச் செலவு மிச்சம்.

மாதம் ஒரு ஊசி போட்டால் போதும் என்கிறார் டாக்டர். மகன் அதற்கு அடிமையாகிவிடுவானா?
– திருவொற்றியூர்

மாட்டான். மனச்சிதைவுக்கான மருந்துகளில் போதை கிடையாது. எடை, சர்க்கரை, கொழுப்பு இந்த மூன்றையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு பைபோலார் நோய், உற்சாகம் எல்லை மீறிப் போவதும் மனம் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராத்திரி பகலாகத் தூங்காமல், தி.நகரில் கிரெடிட் கார்டு தேயும்வரை புடவை வாங்கி, தெருவில் எல்லோருக்கும் கொடுத்தேன். அப்புறம் சிகிச்சை, லித்தியம் மாத்திரை, இப்போது நன்றாக இருக்கிறேன். ஆனால் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் என் கணவர் “மாத்திரை போட்டியா?”, கோபப்பட்டால் “மாத்திரை போட்டியா?” ஏ.டி.எம். கார்டு, போன் எல்லாம் அவரிடம்தான். நல்ல மனுஷர், என்னை விட்டுப் போகவில்லை என்று ஊரே அவரைப் புகழ்கிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது.
– ஒரு மனைவி, அம்பத்தூர்

வந்த கடிதங்களில் நோய் உள்ளவரே எழுதியது இது ஒன்றுதான். அதனால் உங்களுக்கு இரட்டை நன்றி.

உங்கள் கணவர் இன்னும் அந்தத் தி.நகர் வாரத்திலேயே இருக்கிறார். நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள், அவர் வரவில்லை. அந்த நாட்களில் உங்கள் நினைவில் பாதி மங்கலாக இருக்கும், அவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் ஞாபகம் இருக்கும். கடன்காரர்களிடம் பேசினது அவர், புடவைகளைத் திரும்பக் கொடுக்கத் தெருத்தெருவாகப் போனது அவர். அந்தப் பயம் சிரிப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கிறது. இதைச் சொல்வது அவர் செய்வது சரி என்பதற்காக இல்லை. பயத்தில் இருக்கிறவரிடம் ‘என்னை நம்பு’ என்று சொல்லிப் பயனில்லை, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்து வேண்டாம் என்று இரண்டு பேரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

நன்றாக இருக்கிற இப்போதே உட்காருங்கள், டாக்டர் முன்னால் என்றால் இன்னும் நல்லது. போன தடவை முதலில் என்ன மாறியது? பெரும்பாலும் தூக்கம். மூன்று மணி நேரம் மட்டும் தூங்கியும் களைப்பே இல்லாமல் இரண்டு ராத்திரி போனால் அது அறிகுறி. விடியற்காலையில் பழைய சிநேகிதிகளுக்கெல்லாம் போன் போடுவது, பேச்சில் வேகம், புதுப் பிசினஸ் யோசனைகள், உங்களுக்கு எது பொருந்துமோ அது. அந்தப் பட்டியலில் இருப்பது நடந்தால் அவர் மாத்திரை பற்றிக் கேட்கலாம், நீங்கள் கோபிக்கக் கூடாது. பட்டியலில் இல்லாததற்குக் கேட்கக் கூடாது. சிரிப்பு பட்டியலில் இருக்கக் கூடாது. கார்டு உங்கள் கையில், குறைந்த வரம்போடு. பெரிய செலவென்றால் இரண்டு நாள் கழித்து என்று ஒரு விதி. நான் முன்னே சொன்ன அதே 2017 சட்டத்தில், மறுபடி நோய் வந்தால் எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது, என் சார்பில் யார் பேச வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிவைக்கவும் வழி இருக்கிறது. அதில் கணவர் பெயரைத்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, போட்டால் அவர் சந்தோஷப்படுவார்.

லித்தியம் எடுக்கிறீர்கள், சென்னையில் இருக்கிறீர்கள், அதனால் இன்னொன்று. கத்திரி வெயிலில் வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் அப்படித்தான். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ மெடிக்கல் ஷாப்பில் வாய்க்கு வந்த வலி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், சில வகைகள் லித்தியத்தை ஏற்றிவிடும். கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரி. லித்தியம் அளவு, கிட்னி, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளை டாக்டர் சொன்ன தேதியில் செய்யுங்கள். கணவருக்கு ஏதாவது கண்காணித்தே ஆக வேண்டுமென்றால் அந்தத் தேதிகளைக் கண்காணிக்கட்டும்.

எனக்கு 71, மனைவிக்கு 66. மகனுக்கு 42 வயது, இருபது வருஷமாக மனச்சிதைவு. நான் மாநில அரசு ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் அமெரிக்காவில், பணம் அனுப்புகிறாள். எங்களுக்குப் பிறகு இவன் கதி என்ன என்பதை நினைத்தால் தூக்கம் இல்லை.
– நங்கநல்லூர்

ஐயா, தூக்கம் வராத நேரத்தில் பீரோவைத் திறந்து காகிதங்களை எடுங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் பிறகு, மனநோயால் சம்பாதிக்க முடியாத மகனுக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பதிய வேண்டும். அரசு மருத்துவச் சான்றோடு, நீங்கள் வேலை பார்த்த அலுவலகம் வழியாக. அப்பா போன பிறகு ஒரு நோயாளிப் பையன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி இதை வாங்குவான் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு ஊனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் அடையாள அட்டை உண்டு. ‘பைத்தியம் என்று முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடுமே’ என்று அந்த அட்டையை வாங்காமலே காலம் தள்ளின குடும்பங்கள் ஏராளம். முத்திரை அட்டையில் இல்லை, அது தெருவில் எப்போதோ குத்தியாகிவிட்டது, பலனையாவது வாங்குங்கள்.

ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன், பல பேர் இதில் அலைகிறார்கள். மூளை வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி காப்பாளர் நியமிக்கலாம். மனச்சிதைவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் மகனுக்கு 2016 சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும் அவனோடு சேர்ந்து முடிவெடுக்கிற வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்ற வழிதான். வீடு, சேமிப்பு இருந்தால் உயில் எழுதுங்கள், அவன் பங்கை ஒரு தனி டிரஸ்டில் வைப்பது பற்றி வக்கீலிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் மகள் பெயரில் எழுதி ‘அவள் பார்த்துக்கொள்வாள்’ என்று விடாதீர்கள். அவள் நல்லவளாகவே இருக்கட்டும், அவளுக்கும் வயசாகும்.

மகளிடம் பணத்தைவிட நேரம் கேளுங்கள். வாரம் ஒரு தடவை தம்பியோடு வீடியோ காலில் பேசட்டும், டாக்டர் பெயர், மருந்துச் சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அவள் போனில் இருக்கட்டும். அடுத்து, மகன் எதையெல்லாம் தானே செய்வான்? நீங்களே சொல்ல மாட்டீர்கள், ஏனென்றால் செய்ய விட்டிருக்க மாட்டீர்கள். ரேஷன் கடை, பால், ஏ.டி.எம்., தன் மாத்திரையைத் தானே டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்து வைப்பது, இவற்றை இப்போது பழக்குங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவன் தப்புச் செய்தால் திருத்த ஆள் இருக்கும். வெளியே தங்கவைப்பதாக இருந்தாலும் ஒத்திகை இப்போதே வேண்டும். நல்ல மறுவாழ்வு இல்லம் ஒன்றில் பத்து நாள் விட்டுப் பாருங்கள், நீங்கள் இரண்டு பேரும் காசிக்குப் போய்வாருங்கள். அவன் அங்கே போகிற முதல் நாள் அப்பாவின் காரியம் நடந்த மறுநாளாக இருக்கக் கூடாது.

1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கின ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் அண்ணா நகரில் இருக்கிறது, பகல்நேரப் பயிற்சி, குடும்பத்தினருக்கு ஆலோசனை எல்லாம் அங்கே கேட்கலாம். 1989-இல் நோயாளிகளின் குடும்பத்தினரே சேர்ந்து தொடங்கின ஆஷா என்ற அமைப்பும் சென்னையில்தான் பிறந்தது. இந்த ஊரில் 1981-லிருந்து, முதன்முறை மனச்சிதைவு வந்த 90 பேரை டாக்டர் தாராவும் அவர் குழுவினரும் இருபத்தைந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். உங்கள் மகன் போன்றவர்கள் நாற்பது வயதுக்கு மேல் எப்படி வாழ்கிறார்கள் என்பது சென்னை டாக்டர்களுக்குப் புதிது இல்லை. போய்க் கேளுங்கள்.

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் ஒரு பெண் ராத்திரியில் கத்துகிறார். வயதான அம்மாவோடு இருக்கிறார். காலி செய்யச் சொல்லி அசோசியேஷனில் தீர்மானம் போடலாமா?
– செயலாளர், வேளச்சேரி

போடக் கூடாது. சொந்த வீட்டிலிருந்து ஒருவரை நோய்க்காகத் துரத்துகிற அதிகாரம் எந்த அசோசியேஷனுக்கும் கிடையாது, மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பாகுபாடு காட்டுவதே தவறு. கூட்டம் போடுகிற நேரத்தில் இரண்டு பெண்கள் அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கட்டும். மருந்து வாங்க ஆள் இருக்கிறதா, ராத்திரி அவசரமென்றால் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்கட்டும். உண்மையிலேயே ஆபத்தென்றால் 108. போலீஸ் வந்தாலும் இந்த நிலையில் இருப்பவரை லாக்கப்பில் வைக்க முடியாது, அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா ஆட்டோ ஓட்டினார், இப்போது ஓட்டுவதில்லை. தனியாகப் பேசுவார், சில நாள் அம்மாவைச் சந்தேகப்பட்டு அடிப்பார். அம்மா வீட்டு வேலைக்குப் போவதால் அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது, தம்பியைப் பார்ப்பது எல்லாம் நான்தான். ஸ்கூலுக்கு நிறைய லீவு போட்டுவிட்டேன். அப்பா செத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு நாள் நினைத்தேன். எனக்கும் இது வருமா?
– பெயர் வேண்டாம், ராயபுரம்

கண்ணு, அப்பா செத்தால் தேவலை என்று இந்த மாதிரி வீடுகளில் நினைக்காதவர்கள் குறைவு. அம்மா நினைத்திருப்பாள், பாட்டி நினைத்திருப்பாள், வாய்விட்டுச் சொன்னது நீ மட்டும்தான். அப்படி நினைத்ததால் நீ கெட்ட பெண் ஆகிவிடவில்லை. உனக்குத் தாங்க முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

அப்பா, அம்மாவில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதாவது பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வராது. கஞ்சா பக்கமே போகாதே, அது இந்த வாய்ப்பைக் கூட்டும், தம்பி வளர்ந்ததும் அவனுக்கும் சொல்லு. என்றைக்காவது உனக்குத் தூக்கம் கெட்டு, எல்லோரும் உன்னைப் பற்றியே பேசுகிற மாதிரி தோன்றினால் அதை மறைக்காமல் டாக்டரிடம் போ, ஆரம்பத்திலேயே போனவர்களுக்குப் பலன் அதிகம். பரீட்சைக்கு முன்னால் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை என்று இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே, அது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது.

அடிக்கிறார் என்கிறாயே, அதுதான் எனக்குக் கவலை. நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை, உன் அப்பா அடிக்கிறார் என்றால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். கூடவே குடியும் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. டாக்டரிடம் ‘அடிக்கிறார்’ என்ற வார்த்தையை அம்மா வெட்கப்படாமல் சொல்ல வேண்டும், “கொஞ்சம் கோவப்படறார்” என்று மழுப்பக் கூடாது. அடிக்கிற நேரத்தில் நடுவில் போய் நிற்காதே. தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிடு, முடியாவிட்டால் 108-க்குப் போன் பண்ணு.

பள்ளிக்கூடத்தில் உனக்குப் பிடித்த ஒரு டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லு, எல்லோரிடமும் வேண்டாம். லீவுக்குக் காரணம் தெரியாவிட்டால் உன்னைத்தான் பொறுப்பில்லாதவள் என்பார்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் இலவசம், எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள். உன் அழுகைக்காகவும் கூப்பிடலாம், அப்பாவை எங்கே காட்டுவது என்று கேட்கவும் கூப்பிடலாம். அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அம்மா, உங்களுக்குத்தான்: சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று யாராவது ஒருத்தர் பரீட்சை முடிகிறவரை தினமும் ராத்திரி வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகட்டும், கெஞ்சியாவது கேளுங்கள். ஒருத்தரும் இல்லையென்றால் மாத ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பதினேழு வயதுப் பெண்ணிடம் அந்த டப்பா இருக்கக் கூடாது.

மனைவியை மன அழுத்தத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்த செலவை, மனநோய்க்குக் கிடையாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. என்ன செய்வது?
– மடிப்பாக்கம்

உடம்பு நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள், கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அதனால் ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் தங்காமல் ஓ.பி.யில் பார்த்த செலவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், பல பாலிசிகளில் எந்த நோய்க்குமே அது கிடையாது.